மாத்திரை பேசுகிறது

“முடியாது.”

சொன்னது அந்த வீட்டின் வாயில்லாப்பூச்சி.

மூத்தாரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் மனைவி வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்ல மறந்தாள்.

கணவரின் அண்ணன் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. அதாவது, அவர் கணக்கில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, தம்பி வீட்டு மாடிக்குக் குடிவந்தாயிற்று. இனி காலையில் செய்தித்தாள் படிக்கவும் மத்தியானம் காலை நீட்டவும் வெளிச்சமாக ஓர் அறை வேண்டும். கீழே அந்த மூலை அறையைக் காலி செய்து கொடுத்தால் போதும். பல்லையெல்லாம் எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவளுக்கு இடமும் ஒதுக்கிவிட்டார்.

அந்தப் பல்தான் அவள் பிழைப்பு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து அவள் பல் செட் செய்கிறாள். மூலை அறை அலமாரியில் யார் யாருடைய தாடைகளோ வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். புதுப் பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு சேர வேண்டுமென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து செய்தால் ஒரே வாயில் மூன்று நிறம் வரும். பிறகு எந்த மருத்துவர் வேலை கொடுப்பார்?

ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுத்தவள் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை என்று சொந்தத்தில் ஒரு கேலி உண்டு. கல்யாணத்துக்கு வந்த தையல் மெஷினை நாத்தனார் தூக்கிக்கொண்டு போனபோதும் “சரிங்க” என்றுதான் சொன்னாள். மூத்தார் மாடிக்கு வரப்போகிறார் என்று, சாமான் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு தெரிந்தபோதும் அதே “சரிங்க”தான்.

பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்.

விரல்கள் மறுபடி மடங்கின. அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் மாத்திரை தனியாக வரவில்லை, பரிவாரத்தோடு வந்தது. முகம் பூசணிக்காயாக உப்பியது, கண்கள் எங்கோ உள்ளே போய் ஒளிந்துகொண்டன. தூக்கம் போயிற்று. பசியோ, அப்படி ஒரு பசி. பிஸ்கட் டப்பாவைப் பரண் மேல் வைத்தார்கள். அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள்.

கூடவே கோபமும் வந்தது.

முதல் கோபம் பால் பொங்கி வழிந்த அன்று. கணவர் செல்போனைப் பார்த்தபடி அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. மனுஷர் வெலவெலத்துப்போய் டாக்டருக்கு போன் செய்தார். மாத்திரை அப்படித்தான் செய்யும், அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, படிப்படியாகக் குறைக்கலாம், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

கணவர் பொறுத்துக்கொண்டார். வீட்டையும் பொறுத்துக்கொள்ள வைத்தார்.

நாத்தனாரிடம் தையல் மெஷினைத் திருப்பிக் கேட்டாள். ‘அவ பேசல, மாத்திரை பேசுது’ என்றார். மெஷின் திரும்பி வந்தது. பௌர்ணமி வந்தாச்சா என்று முகத்தைக் கேலி செய்த ஓரகத்தியிடம், “ஆமாக்கா, வெளிச்சத்துல உங்க அடுப்படி அழுக்கு நல்லாத் தெரியுது” என்றாள். அதுவும் மாத்திரைதான். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மாத்திரையோடு யார் மல்லுக்கு நிற்பது?

வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. கண்ணாடியில் தெரிந்த முகம் யாருடையதோ. வாயிலிருந்து வந்த சொற்கள் மட்டும் அச்சு அசலாக அவளுடையவை. இத்தனை வருடம் எங்கே கிடந்தன என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணா. மாத்திரை பேசுது.”

மூத்தாரின் முகம் தெளிந்தது. பாவம், நோயாளி. கோப்பை உதட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“அதுக்கென்ன, மாத்திரை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். எப்ப முடியுது?”

இதற்குக் கணவர் சொல்லும் பதிலோடு அறை போய்விடும். அண்ணன் கிழித்த கோட்டை இதுநாள்வரை தாண்டாத மனுஷர். பொய் சொல்ல வந்தால் காது மடல் சிவந்துவிடும். பழைய “சரிங்க” அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். என் அறை, என் அறை என்று மனசு அடித்துக்கொண்டது.

கணவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“அது முடியாதுண்ணா. ஆயுசுக்கும் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

மூத்தார் உச்சுக்கொட்டினார். மூலை அறைப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, மாடியிலேயே ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஓரகத்தி பிஸ்கட் தட்டை மொத்தமாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பசியில்லை. இருந்தாலும் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

முகம் வடிய இன்னும் நாளாகும் என்று சொல்லி, டாக்டர் மாத்திரையை அடியோடு நிறுத்தியது போன மாதம். அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர் இந்த மனுஷர்தான்.