வெள்ளை ஒயர் மட்டும்

"வசீம், சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுடா. அத்தா பேசுறாங்க, ஒன்னுமே கேக்கல" என்று உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, ஷர்புன்னிசா போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் குறையவில்லை. எந்த வீட்டில், எந்தப் பிள்ளை, சொன்னதும் குறைத்திருக்கிறது? டுமீல் டுமீல் என்று சுடுவதும் நடுவில் ஒரு துள்ளல் பாட்டும் வீட்டையே தூக்கிக்கொண்டு போயின.

சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்ததும் அவள் கணவர் ஷேக் தாவூது பெங்களூரிலிருந்து தினம் பேசுவார். அங்கே பெட்டி, பை விற்கிற கடை. கள்ளக்குறிச்சிக்கு மாதம் ஒரு தடவை வந்தால் அதிகம்.

"புள்ள இன்னா பண்றான்?"

"கேக்கலியா? வெளையாடிக்கினு இருக்கான்ங்க."

"சாப்டானா?"

"கோழிக் கொழம்பு வச்சேன். ரெண்டு தடவ வாங்கிச் சாப்டான்."

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய டப்பா டிவியின் திரை கருப்பாகக் கிடந்தது. அறையில் ஒருவரும் இல்லை. வசீம் வீட்டை விட்டுப் போய் நாலு நாளாகிறது.

கூடத்தில் பெரிய தட்டை டிவி இருக்கிறது. அதில் வீடியோ கேம் ஆடினால், பட்டனை அமுக்குவதற்கும் குண்டு பாய்வதற்கும் நடுவில் ஓர் இழுப்பு இருக்கிறதாம். அதற்காகவே பழைய சாமான் கடையில் இந்த டப்பாவைத் தேடிப் பிடித்துத் தூக்கி வந்தவன் அவன்.

பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் நாலு அரியர். நாலாவது வந்த அன்று ஷர்புன்னிசா வாய் வலிக்கக் கேட்டாள். அவன் திரையை விட்டுத் திரும்பாமல், "ஒரு நிமிஷம்மா" என்றான். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்து, கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுபோகிற மஞ்சள் ஒயரை நறுக்கிவிட்டாள்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. அவன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடக்கிறது. கரியாலூரில் கூட்டாளி பிரவீன்குமார் வீட்டில் கேட்டாள். மணலூர்பேட்டை நாத்தனாரிடம் சுற்றி வளைத்து விசாரித்தாள். எங்கேயும் இல்லை. அரியரை அத்தாவிடம் மறைத்தவன் பெங்களூர் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

கணவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "தோளுக்கு மேல வளந்த புள்ள. ஜாஸ்தி பேசாத, சொல்லாம கொள்ளாம போயிடுவான்" என்று போன மாதம்தான் அவர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? படம் வராவிட்டால் போகிறது, சத்தம் வந்தால் போதும் என்று வெள்ளை ஒயரை மட்டும் டிவியில் சொருகினாள். மூன்றாவதான சிவப்பு ஒயருக்கு அந்த டிவியில் ஓட்டையே கிடையாது. அது எப்போதும்போல் சும்மா தொங்கியது. போன் மணி அடித்ததும் சுவிட்சைப் போட்டு, அவன் முதலில் அமுக்குகிற பட்டனை அமுக்கிவிட்டு வருவாள்.

அவருக்காகத்தான் ஆரம்பித்தாள். நேற்று போனை வைத்த பிறகும் அதை அணைக்க மனம் வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

இப்போது உள்ளே தொப், தொப், தொப் என்று மூன்று தடவை ஏதோ விழுந்தது. சுடுகிற சத்தம் நின்று, மெதுவான மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. ஏதோ ஒரு சத்தம் வருகிறதே, அது போதும் அவளுக்கு.

நேற்று வரை "அவங்கிட்ட குடு, அவங்கிட்ட குடு" என்று உயிரை எடுத்தவர், இன்று அதைக் கேட்கவே இல்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஷர்பு, போன டிவி பக்கத்துல கொண்டு போய் வை. நானும் கேக்கறேன்."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று கொண்டுபோய் வைத்தாள். அந்த மெட்டு நாலைந்து சுற்று ஓடியது. பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"எங்கிட்ட எதனா சொல்லணுமா?" அவர் குரல் ரொம்பவும் இறங்கி இருந்தது.

சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. என் கையாலேயே துரத்திவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஒன்னும் இல்லங்க. அவன்தான் வூட்ல இருக்கானே, எனக்கு இன்னா கொற?" என்றாள். கடைசி வார்த்தை அழுகையாகத்தான் வெளியே வந்தது.

போனில் அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா, நீ அவுட்டாயி ரொம்ப நேரமாச்சு. அந்தச் செவப்பு ஒயர எடுத்து மஞ்ச ஓட்டையில குத்து, படம் வரும்."