கெட்டியா இருக்கா?

“கெட்டியா இருக்கா?”

கழற்றிய முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அண்ணன் கேட்டான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

“ம்,” என்றேன்.

அந்த நொடியில் அது உண்மைதான். ஆறேழு முறை விடாமல் மிதித்திருந்தேன். பெடல் கட்டை மாதிரி நின்றது.

“அப்பாடா. நாலு நாள் தாவு தீர்ந்துபோச்சு,” என்றான். “அண்ணிகிட்ட சொல்லு. டாக்டர்கிட்ட இன்னிக்கு இந்த வண்டிலதான் போறோம்.”

கை கழுவப் போய்விட்டான்.

நான் காலை எடுத்தேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். மறுபடி மிதித்தேன்.

கால் பஞ்சுக்குள் போவது போல் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தரைதான் தட்டியது.

அந்தக் கார் என்னைவிட ஒன்பது வயது மூத்தது. இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு. வேகமாக ஓடுவதற்கென்றே செய்த வண்டி. அதை எப்படி நிறுத்துவது என்று செய்தவர்கள் அவ்வளவாக யோசிக்கவில்லை என்று அண்ணனே சொல்வான். கடையில் பெரிய பிரேக்குக்குக் கேட்ட விலையில் இன்னொரு பழைய காரே வாங்கலாம். அதனால் காயலான் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு பெரிய காரிலிருந்து, சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்தான். மண்ணெண்ணெயில் கழுவினான். உள்ளே ரப்பர் மட்டும் புதிது. சிவப்புப் பெயின்ட் அடித்தான். சிவப்பு அடித்தாலே பாதி பிரேக் வந்துவிடும் என்று சிரித்தான்.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன்.

பிரேக் எண்ணெய்க்குள் சிக்கிப் பெடலைப் பஞ்சாக்குகிற காற்றை வெளியேற்றும் சின்ன முனை, கழற்றிப் போட்ட பழைய காலிப்பரில் மேலே இருந்தது. இதில் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் கீழே.

இடப்பக்கத்தை வலப்பக்கம் மாட்டியிருந்தான். வலப்பக்கத்தை இடப்பக்கம்.

பாட்டிலைக் கவிழ்த்தால் குமிழ் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும். நாலு நாளாக நாங்கள் வெளியேற்றியது வெறும் எண்ணெயை. காற்று மேலே அப்படியே உட்கார்ந்திருந்தது.

சொல்ல வேண்டும்.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சக்கரங்களை மாட்டினான். நட்டுகளை முறுக்கினான். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினான். இது முடிந்ததும் சொல்லிவிடலாம், இது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் தெரு வாசலிலிருந்தே இறக்கம். கீழே லாரிகள் போகிற பெரிய ரோடு. நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது.

அண்ணி ஸ்கேன் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். ஏழு மாதம். வரும்போதே பேச்சும் வந்தது.

“எனக்கே இப்ப ரெண்டு சீட்டு வேணும். இவர் வாங்கினதே ரெண்டு சீட்டு. இவர் டிக்கில உக்காந்து ஓட்டுவாரோ என்னவோ.”

அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறி இன்ஜினைப் போட்டான்.

நான் அண்ணிக்கு முன்னால் ஓடி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். பெல்ட்டை இழுத்து மாட்டினேன். இரண்டு வருஷமாக நான் எந்த வண்டியிலும் வெளியே போனதில்லை.

“பார்றா,” என்றாள் அண்ணி. “முக்குக் கடைக்குப் போய்ட்டு வாடின்னா கால் நகராது. இன்னிக்கு மகாராணிக்கு ஊர்வலம் கேக்குதோ? எழுந்திரு.”

பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வாய்க்குப் பூட்டு போட்டாச்சு. சாவி உங்க டூல் பாக்ஸ்லதான் கெடக்கும், தேடிப் பாருங்க.”

அண்ணன் என் பக்கம் குனிந்தான். “என்ன குட்டி?”

என் வலது கால், பெடல் இல்லாத தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“பஞ்சா இருக்கு,” என்றேன். “பெடல்.”

இன்ஜின் சத்தத்தையும் மீறி அது மூன்று பேருக்கும் கேட்டது.

அண்ணன் மிதித்துப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அப்புறம் ஏன் கெட்டின்னு சொன்னே என்று கேட்கவும் இல்லை. இன்ஜினை அணைத்தான்.

“முதல் மிதி மட்டும்தான் அப்படி,” என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “ரெண்டு மூணு தடவ அடிச்சா கெட்டியாயிடுது. நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு. ஓட்ட ஓட்டச் சரியாயிடும்னு நெனச்சேன்.”

அண்ணி கதவோரமாக நின்று அவனைப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பவில்லை.

திட்டு வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலே தெருக்கோடி வரை கேட்கும்படி பேசுகிறவள்.

கேட் திறக்கிற சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அண்ணி ஃபைலை அக்குளில் இடுக்கியபடி பெரிய ரோட்டைப் பார்த்து இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள், ஒரு கை வயிற்றின்மேல், ஒரு கை ஓரச் சுவரின்மேல்.