நாற்பத்தொன்றாம் பக்கம்

நன்றியுரையில் அவள் பெயர் இருந்தது.

பதினொன்றாவதாக. கப்பல் சமையல்காரருக்கு அடுத்து.

'படங்கள் வரைந்து உதவியதற்காக.'

ஆய்வகத்து அச்சுப்பொறியில் வந்து விழுந்திருந்த தாள்களை அவள் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். அண்டார்டிகக் கடலடிச் சேற்றில் புதிய சுணைப்புழு இனம். எழுதியவர், பேராசிரியர் முனைவர் அ. தணிகாசலம். அவர் மட்டும். கட்டுரை நாளை அச்சுக்குப் போகிறது.



பனிக்கடலுக்குப் போனது அவள். அவரை ரத்தக்கொதிப்பு என்று மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பல் தளத்தில் நின்று, சேற்றைச் சல்லடையில் கொட்டி, விரல் மரத்துப்போக அலசியது அவள். ஊர் திரும்பிய பின் இரண்டு வருடம் நுண்ணோக்கியே கதியென்று உட்கார்ந்ததும் அவள்தான்.

எல்லாம் நெல்லளவுப் புழுக்கள். இருபுறமும் மயிர்போலச் சுணைகள். அவற்றில் ஒன்றுக்குக் கண்ணே இல்லை. சுணையின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படியொரு புழுவை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று உறுதிசெய்யவே எட்டு மாதம் ஆயிற்று.

ஓர் உயிரை முதலில் விவரித்தவரின் பெயர் அதன் பெயருக்குப் பின்னால் நிற்கும். அவர் செத்த பிறகும் நிற்கும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஓரிடம்தான்.

"பாத்துட்டுத் தரேன்மா" என்று அவளுடைய நோட்டை வாங்கிக்கொண்டு போன மனிதர். இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

புழுவுக்குத் துணைவேந்தர் பெயரை வேறு வைத்திருந்தார். ஒரு புழு தன் பெயரைச் சுமக்கப் போவதில் துணைவேந்தருக்கு ஏக சந்தோஷமாம். வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. பொன்னாடைக்குச் சொல்லியாகிவிட்டது.

அவள் கடைசித் தாளுக்கு வந்தாள். புழுவின் படம்.

அவள் வரைந்த படம்தான். தலையில் கண் இல்லை, மூன்று உணர்கொம்புகள். சரி. சுணைகள் சரி.

வாலில் இரண்டு நீள இழைகள்.

அது இந்தப் புழுவின் வால் இல்லை.

சல்லடையில் புழுக்கள் முழுதாக வருவதில்லை. ஒடிந்துதான் வரும். தலை ஒரு பக்கம் கிடக்கும், வால் ஒரு பக்கம் கிடக்கும். புதிய புழுவுக்கு அவளிடம் தலைப்பகுதி மட்டுமே இருந்தது. அதை நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மேலே வரைந்திருந்தாள். இடம் மிச்சம் இருந்ததால், வேறொரு சாதாரணப் புழுவின் வாலைக் கீழே வரைந்திருந்தாள். எது எதனுடையது என்று அடுத்த பக்கத்தில் தெளிவாக எழுதியும் வைத்திருந்தாள்.

அடுத்த பக்கத்தை அவர் திருப்பவே இல்லை. புழு கிடந்த புட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. இரண்டு படத்தையும் ஒட்டவைத்து, கடலில் எங்குமே இல்லாத ஒரு பிராணிக்குப் பெயர் சூட்டிவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்ததுதான் எடுத்தார், ஒழுங்காகவாவது எடுத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. இப்படியா அதைக் கெடுத்து வைப்பது.

அவர் அறைக்குப் போனாள். எதிரே பதிவாளர் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்தப் படத்துல வால்..."

தணிகாசலம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷமா புழு பாக்கறேன்மா. எது தலை எது வாலுன்னு நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா? போய் ஸ்பெசிமென பேக் பண்ணு. இன்னைக்கே மியூசியத்துக்குப் போயாகணும்."

பதிவாளர் வாயில் இனிப்போடு சிரித்தார்.

"இல்ல சார், அடுத்த பக்கத்தப் பாத்தீங்கன்னா..."

"சொன்னதச் செய்யிம்மா."

அவள் திரும்பி நடந்தாள்.  

எந்த உடலை வைத்துப் பெயர் சூட்டினார்களோ அந்த உடல் அருங்காட்சியகத்தில் இருந்தாக வேண்டும். அது இந்தத் துறையின் சட்டம். அங்கே பொறுப்பில் இருக்கும் குர்ஷித் பானு எந்தப் புட்டி வந்தாலும் முதல் வேலையாகத் திறந்து பார்ப்பவர். தப்பு கண்டால் அனுப்பியவருக்கு மட்டும் எழுதி நிறுத்த மாட்டார். புழு பார்க்கிற அத்தனை பேருக்கும் நகல் போடுவார்.

தலையை மட்டும் அனுப்பலாம். வால் வழியில் ஒடிந்து தொலைந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதர் தப்பித்துவிடுவார்.

அலமாரியைத் திறந்தாள்.

கண்ணில்லாத தலையை ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டாள். சாதாரணப் புழுவின் வாலைத் தேடி எடுத்து இன்னொன்றில் இட்டாள். ஆல்கஹால் ஊற்றிப் பஞ்சால் அடைத்தாள். இரண்டு குழாயையும் ஒரே புட்டிக்குள் இறக்கினாள். கட்டுரையில் என்ன இருந்ததோ அது அப்படியே. அவளாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தாள். குழாய்க்கு ஒன்று. கிடைத்த இடம், ஆழம், தேதி. கடைசி வரி, இனங்கண்டவர்.

இரண்டு வருடமாக அந்த வரியில் தன் பெயரை எத்தனையோ முறை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறாள்.

பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

பேராசிரியர் முனைவர் அ. தணிகாசலம் என்று முழுதாக எழுதினாள். இரண்டு சீட்டிலும். குர்ஷித் பானுவுக்குக் கண்ணாடி தேவைப்படாத அளவுக்கு, கொட்டை எழுத்தில்.