குழாயைக் காட்டிக்கொடுத்தவன்

"உண்மையைச் சொல்லு. யார்கிட்ட சொன்ன?"

காது என்று பட்டப்பெயர் கொண்டவன் முகத்தைச் சுளித்தான். கண் கூசியது. மேசை விளக்கை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே பட்டப்பகல்தான். அதற்காகவே ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தான் டைரக்டர்.

டைரக்டர் என்பது அவனாகவே வைத்துக்கொண்ட பெயர். கேமரா அவன் மாமாவுடையது என்பதால் யாரும் மறுக்கவில்லை. எடிட்டிங் செய்கிறவன் கத்தரி. ஒலிப்பதிவு காது. மூவரும் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். "பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரணும். யார் மேலன்னு தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு புரொபசர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்த அறையில் உட்கார்ந்து, கிடைத்த திரில்லர்களின் தொடக்கங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை. எந்தக் கொலையை யார் செய்தார்கள் என்று இன்றுவரை மூவருக்கும் தெரியாது. ஆராய்ச்சியில் கிடைத்தது இவ்வளவுதான்: ஆளில்லாத பாத்ரூம், சொட்டும் குழாய், கதவுக்கடியில் நகரும் ஒரு ஷூ. முகம் மட்டும் தெரியக் கூடாது. கல்லூரியில் ஒழுகாத குழாயே கிடையாது என்பதால் செட்டுக்குச் செலவும் இல்லை.

"நேத்து மூணாவது மாடி பாத்ரூம்ல எதிர் டீம் கேமராவோட நின்னுச்சு. எதை எடுத்தானுங்க தெரியுமா? குழாயை!" என்றான் டைரக்டர்.

"பாத்ரூம்ல வேற என்னடா இருக்கும்?" என்றான் காது.

"நக்கலா? ஷூவும் இருந்துச்சு. அதுவும் கறுப்பு ஷூ."

கத்தரி விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினான். "வெளியாளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. கூடவே இருக்கிறவன்தான் செஞ்சிருக்கணும். எல்லாப் படத்துலயும் கடைசியில அவன்தான்."

"நீ எந்தப் படத்தோட கடைசியைப் பார்த்த?"

கத்தரி அதைக் காதில் வாங்காமல் டைரக்டரைப் பார்த்தான்.

"முந்தாநாள் கேன்டீன்ல எதிர் டீம் பொண்ணுகிட்ட என்ன பேச்சு?" என்று காதிடம் கேட்டான் டைரக்டர்.

"அவ என் சித்தி பொண்ணுடா. தங்கச்சி! சித்தி வீட்டுச் சாவியை எங்கம்மாகிட்ட கொடுக்கச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனா."

"சாவி..." என்று இழுத்தான் டைரக்டர். அவனும் கத்தரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவியில் தொடங்கும் படங்களும் அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள்.

"டேய், அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா? வாளியில விழுந்தா மந்தமா இருக்கு, தட்டுல விழுந்தா கத்துதுன்னு, கடைசியில என் டிபன் பாக்ஸையே கவிழ்த்து வெச்சு எடுத்தேன். அதைப் போய் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பேனா?"

"குரல் நடுங்குது, கவனிச்சியா?" என்றான் கத்தரி.

டைரக்டர் எழுந்தான். பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்தான். அறை சின்னது என்பதால் உடனே திரும்பி வந்தான்.

"இனிமே நீ நம்ம டீம்ல இல்ல."

"டீம் இல்லைன்னா மார்க் இல்லைடா! இன்னொரு வருஷம் உட்காரணும். எங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதையும் உன் தங்கச்சிகிட்டயே கேட்டுக்க."

பையைத் திறந்து சோதித்து, ஷூட் செய்ததெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டார்கள். டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் கழுத்தில் எப்போதும் தொங்கும் ரெக்கார்டர் அவன் சொந்தக் காசில் வாங்கியது. அதைத் தொடவில்லை. அந்த அளவுக்கு நியாயஸ்தர்கள்.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் தங்கச்சி பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நீ ஏன் இங்க உட்கார்ந்திருக்க?"

"உங்க டீமுக்கு நான்தான் குழாயைச் சொல்லிட்டேனாம். துரத்திட்டாங்கண்ணா."

பக்கத்தில் ஒரு நெட்டையன். "எங்க டீம்லயும் குழாய்தான். இவங்க டீமுக்கு நான் சொல்லிட்டேனாம்." அவனுக்கு அடுத்து இருந்தவன் தலையைக் கூடத் தூக்கவில்லை. "ஷூ" என்று மட்டும் சொன்னான்.

காது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாடியில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையிடும் நாள் வந்தது. முதல் படம்: ஆளில்லாத பாத்ரூம், குழாய், ஷூ. இரண்டாவது படம்: குழாய், ஷூ. மூன்றாவதில் ஷூ பழுப்பு நிறம். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டைரக்டர் படத்துக்குப் படம் வேறு வேறு ஆளைத் திரும்பி முறைத்தான். அவனுடைய படத்துக்கு யாரோ கொட்டாவி விட்டார்கள்.

கடைசியாக, புதிதாகச் சேர்ந்த ஒரு டீமின் படம். திரை இருட்டாகவே இருந்தது. குழாய் இல்லை, ஷூ இல்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும். புரொபசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அரங்கமே அசையவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"உண்மையைச் சொல்லு. யார்கிட்ட சொன்ன?"

கத்தரி மெதுவாகத் திரும்பினான். "டேய்... இது உன் குரலாச்சே!"

டைரக்டர் பின்னால் பார்த்தான். கடைசி வரிசையில் துரத்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காது. அவன் கழுத்தில் ரெக்கார்டர். அதன் சின்னச் சிவப்பு விளக்கு இப்போதும் எரிந்துகொண்டிருந்தது.