தமிழில் வந்த பதில்

அன்று காலையிலிருந்து ரோஷினி திரையில் பார்த்த முகங்களில், சிரித்த முகம் சரஸ்வதி மேடம் ஒருவருடையதுதான். நெற்றியில் பளிச்சென்று பொட்டு, தலையில் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகை. பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவர், வீட்டில் அடைந்து கிடக்கிறவர் மாதிரியே இல்லை.

மேடம் வேலை பார்க்கும் கல்லூரியில்தான், ஆசிரியர் நலப் பிரிவில், ரோஷினி இருக்கிறாள். ஊரடங்கில் வகுப்புகள் இணையத்துக்குப் போனதிலிருந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நொடிந்துகொண்டிருந்தார்கள். அழுதவர்களுக்கெல்லாம் அவள் அனுப்ப முடிந்தது ஒரு மூச்சுப் பயிற்சி வீடியோதான். அதைப் பார்த்துத் தேறியவர் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

"பேர் போடாத சர்வேல யாரோ தமிழ்ல எழுதியிருக்காங்க மேடம். எனக்குப் பேசத்தான் வரும், ரீடிங் எல்லாம் ஸ்கூலோட போச்சு லா. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

இருந்தது ஒரே வரி. எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் 'போதும்' என்ற கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது. வாழ்ந்தது போதும் என்கிறாரோ? வெளிச் செயலி எதிலும் போட்டு மொழிபெயர்க்க விதி இடம் தராது.

எழுதியவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டுமே மேலிடம் பெயரைத் திறந்து காட்டும். ஐந்து மணிக்குச் சர்வே மூடிவிடும். அப்புறம் அந்தப் பெயர் யாருக்கும் கிடைக்காது.

பதில் இருந்த கோப்பை மேடத்துக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாள். தோ பாயோவில் இருந்த அவள் வீட்டின் வைஃபை அன்றும் சோம்பல் முறித்தது. 'அனுப்பப்படுகிறது' என்று திரை மூலையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

அதற்குள் மேடம் தன் வகுப்பைப் பற்றிச் சொன்னார். முப்பத்திரண்டு மாணவிகள், முப்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். புரிகிறதா என்று கேட்டால் ஒரு கட்டமும் வாய் திறக்காதாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சற்று நேரம் குனிந்திருந்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. 'எனக்கு இது போதும்'னு எழுதியிருக்காங்க. மனசு நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். விருந்துல எலைய மறைச்சுக்கிட்டுச் சொல்லுவோமே, அந்தப் போதும்."

ரோஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'ஆபத்தில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, பதிலை மூடினாள். மணி நாலு ஐம்பத்தாறு.

நன்றி சொல்லி அழைப்பைத் துண்டிக்கப் போனவளின் கண் திரை மூலைக்குப் போனது. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. 'போதும்' என்ற சொல்லை அவள் மேடத்திடம் சொல்லவே இல்லை.

மேடம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மேடம், அந்த ஃபைல் இன்னும் சென்ட் ஆகவே இல்லையே."