மாமியாரின் பிரஷர் மாத்திரை

அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள் மருமகள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள்.

"அடிப்பாவி! அது என் பிரஷர் மாத்திரையாச்சே!"

"ஆமா அத்தை. உங்களுதுதான்."

ஈரத் துண்டு தரையில் விழுந்தது. மாமியார் சிங்க்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். தேயிலைச் சக்கைதான் அகப்பட்டது.

"டேய், இங்கே வாடா! உன் பொண்டாட்டி என்னைக் கொல்லப் பாக்குறா!"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகன், பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு பனியனோடு ஓடி வந்தான். கூடத்துக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த மாமனார், ஒரு கன்னத்து நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?"

"நீங்க பேசாதீங்க! எல்லாம் உங்களால வந்த வினை. இந்த மகாராணிதான் மருமகளா வரணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே?"

மாமனார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஏன்டி கொட்டினே?" என்றான் மகன்.

மருமகள் அவனுக்குப் பதில் சொல்லாமல் மாமியாரிடம் பேசினாள். "நீங்க குளிக்கப் போனப்போ உங்க போன் அடிச்சுது. டாக்டரம்மா. எடுத்தது நீங்கதான்னு நினைச்சு மடமடன்னு பேசிட்டாங்க. அந்த மாத்திரையை இனிமே ஒண்ணுகூடப் போடக் கூடாதாம். இப்பவே வந்தா பிரஷருக்கு வேற மாத்திரை மாத்தித் தராங்களாம். நீங்க குளிச்சிட்டு வந்ததும் முதல் வேலையா அதைத்தானே முழுங்குவீங்க? ஒளிச்சு வெச்சாலும் தேடி எடுத்துடுவீங்க. அதான் கொட்டிட்டேன்."

"என் போனை நீ எதுக்குத் தொட்டே? ரெண்டு வருஷமா அதே டாக்டரம்மாதான் அதே மாத்திரையை எழுதித் தரா. ராத்திரியோட ராத்திரியா அது விஷமாயிடுச்சா?"

"உள்ளே வாங்க அத்தை, சொல்றேன். உங்ககிட்ட மட்டும்."

"எதுக்கு? தலையணையை வெச்சு அமுக்கவா? எதுவானாலும் என் மகன் முன்னாடி சொல்லு."

"இவர் முன்னாடி முடியாது."

"பாத்தியாடா? கட்டினவன்கிட்டயே மறைக்கிறா!" மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். "இவ தாளிக்கிற வாசனை பட்டாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வருதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீ நம்பலே. அதான் நேத்து நானே டாக்டரம்மாகிட்டப் போனேன். இவ சோத்துல எதையோ கலக்குறா, கண்டுபிடிங்கன்னு ரத்தமும் மூத்திரமும் குடுத்துட்டு வந்தேன். ரிசல்ட் வந்திருக்கும், இவ குட்டு உடைஞ்சிருக்கும். அதுக்குள்ள என் கதையை முடிக்கப் பாக்குறா!"

மகன் முகம் கறுத்தது. "சாப்பாட்டுல எதாவது கலந்தியா?"

"இப்படிக் கேக்க உங்களுக்கு நாக்கு கூசலையா?"

"அவனுக்கு எதுக்குடி கூசணும்? நீ காலடி எடுத்து வெச்ச நேரம், நாப்பது வயசுலயே எனக்கு பிரஷர் வந்துச்சு. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுது, ஒரு புழு பூச்சி உண்டா? வாய் மட்டும் முழ நீளம்!"

ஓடிக்கொண்டிருந்த குழாயை மருமகள் இறுக மூடினாள்.

"பெட்டியைக் கட்டு," என்றான் மகன். "உங்கப்பாவுக்கு போன் போடறேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"கட்டறேன். முதல்ல அத்தையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

"அதை நீ சொல்லாதே!" மாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். "டேய், கத்திக் கத்தித் தலை சுத்துதுடா. தெருமுனை மெடிக்கல்ல அதே மாத்திரையை வாங்கிட்டு ஓடி வா. போட்டாத்தான் எனக்கு உயிர் வரும்."

மகன் பனியன் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மருமகள் அவனுக்கு முன்னால் ஓடிப்போய் வாசற்கதவைத் தாழிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நகருடி."

"மாட்டேன். மாமா, நீங்களாவது அத்தையைக் கூட்டிக்கிட்டு உள்ளே வாங்களேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடறேன்."

"உங்க சண்டையில என்னை இழுக்காதேம்மா." மாமனார் மறு கன்னத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார்.

மகன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். தாழ்ப்பாளில் முழங்கை இடித்து ரத்தம் கசிந்தது. அப்போதும் அவள் நகரவில்லை.

"சொன்னாக் கேளுங்க. அந்த மாத்திரை வேணாம்."

"ரெண்டு வருஷமா ஒத்துக்கிட்ட மாத்திரை, இன்னிக்கு மட்டும் எங்கம்மாவை என்னடி பண்ணிடும்?"

"அத்தையை ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் யாருக்குடி ஆகாது? சொல்லித் தொலையேன்!"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, யாரும் வரவில்லை. இனி என் மேல் பழியில்லை என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பொறக்கப்போற உங்க தம்பிக்கோ தங்கச்சிக்கோ!"