ஃபியூஸ் கம்பி போட்ட கணக்கு

வீட்டில் கரண்ட் பாரம் கூடிவிட்டால் முதலில் யாரை அணைக்கச் சொல்வார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஒரு வீட்டில் இருந்த ஃபியூஸ் கம்பி பத்து ஆம்பியர் வரைதான் தாங்கும். மிஞ்சினால் உருகிச் செத்துப்போகும். அன்று காலை இஸ்திரிப்பெட்டி ஐந்து ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தபோதே, குளியலறை ஹீட்டரும் ஆறு ஆம்பியரோடு வந்து சேர்ந்தது. கம்பிக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"ஐயோ, யாராவது இறங்குங்கப்பா!"

"சாமி படத்துக் குட்டி பல்பை அணைங்கண்ணே, தண்டமா எரியுது," என்றது இஸ்திரிப்பெட்டி. "நான் எதுக்கு இறங்கணும்? கரண்டை மறிச்சு நிக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

கம்பி அந்த வேக்காட்டிலும் கணக்குப் போட்டது. "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மறிக்கிற தடை. வீட்டு வோல்ட் இருநூத்தி முப்பதை அஞ்சால வகுத்தா உனக்கு நாப்பத்தாறு ஓம். பல்பு இழுக்கிறது புள்ளி பூஜ்யம் அஞ்சு ஆம்பியர். அதுக்கு நாலாயிரத்து அறுநூறு ஓம்! வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். அதுக்குப் பதினொன்றரை, உனக்கு ஆயிரத்து நூத்தைம்பது. மறிக்கிற ஆளாடா நீ? வாசலைத் தொறந்து போட்டவன்!"

பல்பு களுக்கென்று சிரித்தது. இஸ்திரிப்பெட்டி டக்கென்று அணைந்துகொண்டது. கம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சற்றுப் பொறுத்து இஸ்திரிப்பெட்டி குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, அந்த நாப்பத்தாறை ஹீட்டர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. அவன்கிட்டயும் இதே பெருமையைத்தான் அடிச்சு வெச்சிருக்கேன்."